ஓர்காவும் வயல் நண்டும்

செங்கல் சூளை வேலையை விட்டுவிட்டு நடந்து வந்து, தேன்கனிக்கோட்டையில் ஓசூர் பஸ் ஏறினேன். முன் சீட்டில் கம்பெனி யூனிபார்மில் இரண்டு பெண்கள். இளையவள் கையில் கட்டு.

“ஓர்கா திமிங்கிலத்தை விட வயல் நண்டு எவ்வளவோ மேலுக்கா.”

“அது சுறாவையே தின்னுமாமேடி!”

“தின்னட்டும். தூங்குறப்பகூட மூச்சு விட மேல வரணும், லீவே கிடையாது. நண்டு ஓடு கழட்டினா, புது ஓடு கெட்டியாகுற வரைக்கும் பொந்துல படுத்துக்கும்.”

“அப்போ சூப்பர்வைசர்கிட்ட லீவு கேளு. நண்டுக் கதையைச் சொல்லிடாத.”

இளையவள் போன் போட்டாள். “சார், தையல் பிரிக்கிற வரைக்கும் லீவு வேணுங்க… சரிங்க சார்.”

“என்னடி சொன்னாரு?”

“குடுத்துட்டாருக்கா!”

அடுத்த ஸ்டாப்பில் சிரித்தபடியே இறங்கி, ஊர் திரும்பும் பஸ்ஸுக்கு நின்றாள்.

மறுநாள் காலை பேரிகையில் தக்காளிப் பெட்டி தூக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். வாரத்தில் எந்த நாள் லீவு என்று கேட்டுவிட்டுத்தான் முதல் பெட்டியைத் தொட்டேன்.