நூறு பொட்டலம்

— ஒரே ஒரு வரிதான் எழுதணும். மத்தியானத்துல இருந்து வர மாட்டேங்கு.

— ஏட்டி சித்ரா, மழையையும் வெயிலையும் ஆராய்ச்சி பண்ணுதவளுக்கு ஒரு வரியா வரல? தோசை ஆறுது பாரு.

— கேளுங்க. அறிக்கைல "நூறு வருசத்துக்கு ஒருக்க வர்ற வெள்ளம்"னு எழுதிட்டேன். ஆஸ்பத்திரி கட்டுத கமிட்டில என்ன சொல்லுதாவ தெரியுமா? அதான் போன தடவ வந்துட்டுல்லா, இனி நூறு வருசத்துக்குக் கவலையில்ல, பிரசவ வார்டை ஆத்தங்கரைலயே கட்டுவோம்ங்காவ.

— சரிதான? வந்தது வந்துட்டு.

— நீங்களுமா!

— ஏன் மொறைக்க? இந்தக் குமரகுருபரன் அப்பளக் கடைக்காரன். எனக்கு வெளங்குத மாதிரி சொல்லேன்.

— நாளைக்குக் கையெழுத்துப் போட்டுருவாவ. போன வெள்ளத்துல ஆஸ்பத்திரில இருந்து பச்சப்புள்ளைகள டிராக்டர்ல ஏத்திக் கொண்டு போனாவ. நான் பாத்துக்கிட்டு நின்னேங்க.

— கண்ணத் தொடச்சுக்கோ. ஒரு வாய் தின்னுட்டு யோசி. நம்ம கல்யாணமே நடக்காதுன்னுதான் இருந்துச்சு, நடக்கலயா?

— அது என்ன கதை?

— சொன்னதில்லயா? கோயில்ல பூவப் பொட்டலமாக் கட்டிக் குலுக்கி எடுத்துப் பாத்தாவ. வெள்ளப்பூ வந்தா நீ, செவப்பு வந்தா வேண்டாம்னு. செவப்பு வந்துட்டு.

— ஆத்தி! பெறவு?

— எங்க அம்மை லேசுப்பட்டவளா? "சாமி கவனிக்கல"ன்னு சொல்லி, பொட்டலத்த மடக்கித் திரும்ப உள்ள போட்டுக் குலுக்கிட்டா. வெள்ளப்பூ வந்துட்டு.

— திரும்ப உள்ள போட்டாவளா?

— கல்யாணமாகி இத்தன வருசம் கழிச்சா கோவப்படுத?

— கோவமில்ல. அதாங்க கோளாறே! நூறு பொட்டலம் வைங்க. ஒண்ணுதான் செவப்பு, அதான் வெள்ளம். வருசத்துக்கு ஒண்ணு எடுக்கோம். எடுத்த செவப்ப வெளிய எறிஞ்சாச்சுன்னு கமிட்டில நெனைக்காவ. மழை ஒங்க அம்மை மாதிரி, உடனே உள்ள போட்டுரும். அடுத்த வருசமும் அதே நூறு, அதே செவப்பு.

— அப்பவும் நூத்துல ஒண்ணுதானட்டி?

— ஒரு வருசத்துக்கு. வார்டு எத்தன வருசம் நிக்கணும்?

— எழுபது வருசமாவது நிக்க வேண்டாமா?

— அப்ப எழுபது தடவ எடுக்கணும். இருங்க, கணக்குப் போடுதேன். கடல் சூடாகச் சூடாகச் செவப்பு வேற கூடும். அத சேக்காமலே பாப்போம்.

— கணக்குல என்ன வந்துச்சு?

— எழுதிக்கிடுங்க. "பிரசவ வார்டு ஆற்றங்கரையில் எழுபது வருடம் நின்றால், ஒரு தடவையாவது வெள்ளம் உள்ளே வருவதற்கும், வராமலே இருப்பதற்கும் வாய்ப்பு சரிபாதி."