முறைப் பையனும் ரோமாபுரிச் சட்டமும்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தோ எழுபத்தாறோ இருக்கும். குமுளியிலிருந்து சக்குபள்ளம் போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஏலத்தோட்டத்துப் பெண்கள் இருவர்.

“எங்கண்ணன் மகனுக்கு எம்பொண்ணக் கட்டக்கூடாதுன்னு எண்ணூறு வருசத்துக்கு முந்தியே எழுதி வச்சிட்டாங்களாம்க்கா.”

“எவன்டி எழுதுனது?”

“திருச்சபைச் சட்டம் படிச்ச பண்டிதருங்களாம். ரோமுல படிச்ச புதுச் சாமியார் புஸ்தகத்தையே காட்டுனாரு. மரம் வரைஞ்சு, கிளைக்குக் கிளை சொந்தம் எழுதியிருக்கு. மாமன் மகன் ரொம்ப நெருங்குன ரத்தமாம்.”

“முறைப் பையன்டி அவன்! பிஷப்புகிட்ட அனுமதி வாங்கலாம்ல?”

“எழுதிப் போட்டிருக்கு. பதிலக் காணோம். அடுத்த வாரம் கல்யாணம்.”

“புதுசா வந்த சாமியாருக்கு நம்ம சொந்தமெல்லாம் யாரு சொன்னா?”

அவள் எழுந்து பையை எடுத்தாள். நிறுத்தம் வரவில்லை. மறுபடி உட்கார்ந்தாள்.

“எம்பொண்ணுதான்.”