தடுமாறாத வசனம்

முள்ளியவளையிலிருந்து புறப்பட்ட பஸ்சில், எனக்கு முன்னால் இருந்த இரண்டு பெண்கள் கைபேசியில் ஓர் அமைச்சரின் வெளிநாட்டுப் பேச்சைப் பார்த்தார்கள். இளையவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

“பாருங்கோ அக்கா, இங்கிலீசை வாசிக்கேலாமல் தடுமாறுறார். வெக்கக்கேடு.”

“அது பரவாயில்லை பிள்ளை. அரசாங்கக் கந்தோருக்குப் போனால் நானும் சிங்களத்தில தடுமாறுறனான்தானே.”

“பிறகேன் முகத்தைச் சுழிக்கிறியள்?”

“ஆமி பிடிச்ச சனத்தின்ர காணியெல்லாம் திரும்ப விட்டாச்சு எண்டாரெல்லோ, கீழ தமிழிலயும் எழுதிப் போட்டாங்கள். அந்த வசனம் மட்டும் தடுமாறாமல் வந்தது. நல்லாப் பாடமாக்கியிருக்கிறார்.”

பஸ் இராணுவ முகாமின் வேலியோரமாகப் போனது. மூத்தவர் யன்னல் பக்கம் திரும்பினார்.

“அந்தா, உள்ளுக்கு நிக்கிறது எங்கட வீட்டு வளவுத் தென்னையள். அதுகளைப் பாக்கத்தான் நான் எப்பவும் பஸ்சில இந்தப் பக்கம் இருக்கிறனான்.”