றிஸானின் காருக்கு இழுவை இல்லை

"ஹலோ... வஅலைக்கும் ஸலாம் காக்கா. கேக்குது, கேக்குது. ஓம், காருக்கு முன்னுக்குத்தான் நிக்கிறன். பொனட்டயும் திறந்திட்டன்... வீடியோவா? வேணாம் காக்கா, டேட்டா முடியிற நேரம். நீங்க கேளுங்க, நான் பாத்துச் சொல்றன்."

முனாப்பின் போனில் டேட்டா தாராளமாக இருந்தது. பொனட்டுக்குள் காட்ட முடியாத ஒன்றும் இருந்தது.

மறுமுனையில் பேசும் காக்கா, மூத்தவன் றிஸான், கட்டாரில் ஒரு கராஜில் ஐந்து வருடமாக வேலை. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்து வைப்பதா, ஊருக்கே வந்துவிடுவதா என்று இன்று பகலுக்குள் கம்பனிக்குச் சொல்ல வேண்டும். வந்தால் பிழைப்புக்கு இந்தப் பழைய டீசல் கார் ஒன்றுதான். ஏறாவூரில் நின்று வாடகைக்கு ஹயர் ஓடலாம் என்று, போகும்போதே தம்பி முனாப்பிடம் ஒப்படைத்துவிட்டுப் போனது. நல்ல ஆளைப் பார்த்துத்தான் ஒப்படைத்தான்.

டிரைவர் சீட்டில் றிஸானின் மனைவி, முனாப்பின் மச்சி ஸுஹைனா உட்கார்ந்திருந்தாள்.

"மச்சி, கொஞ்சம் ரேஸ் குடுங்க... இன்னும்... காணும், போதும். கேட்டிச்சா காக்கா? ... இல்ல, அந்த விசில் சத்தம் வரல்ல. முந்திக் கூ எண்டு எழும்புமே, அது இல்ல. என்னமோ உரசுற சத்தம்... புகையா? கறுப்பு. ஓம், ஓம், பின் மதிலே கறுத்துப் போச்சி... ரோட்டில ரெண்டாம் கியருக்கு மேல இழுக்குதில்ல. நேத்து ஒரு சைக்கிள்காரன் முந்திட்டுப் போறான்."

"ஹோஸ்... தடவிப் பாத்திட்டன், வெடிப்பு இல்ல. கிளிப்பும் இறுக்கம்... அந்தச் சின்னக் குழாயும் கழரல்ல... எந்தக் கம்பி? பொறுங்க... ஓம், தள்ளினாப் போகுது, விட்டா வருது. அப்ப அதுவும் நல்லம்தானே?"

நல்லம் என்று சொல்லிவிட்டு முனாப் அந்த ஹோஸை மறுபடியும் தடவிப் பார்த்தான். ஹோஸ் வெடித்திருந்தால் பின்னேரத்துக்குள் வேறொன்று வாங்கி மாட்டியிருக்கலாம். இனி மிஞ்சியிருப்பது எஞ்சினுக்குக் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ மட்டும்தான்.

"மச்சி, எஞ்சின ஓஃப் பண்ணுங்க... காக்கா, காத்துப் போற பெரிய குழாயக் கழட்டிட்டன். விரல வெச்சன்... ஆடுது. மேலயும் கீழயும் ஆடுது. அப்பிடி ஆடக்கூடாதா? ... விசிறியா... இதழ் மூணு இல்ல காக்கா. மத்ததெல்லாம் கடிச்சி வெச்ச மாதிரிக் கிடக்கு."

றிஸான் அடுத்துக் கேட்டது காற்றில் தூசி வடிக்கும் ஃபில்டரைப் பற்றி.

"ஃபில்டரா? ஃபில்டர்... இரிக்கி... இல்ல... இல்ல காக்கா. அறுவடைக்கி வயல் வட்டைக்குள்ள போய் நெல் மூட்ட ஏத்தினன். பதரும் தூசியும் போய் ஃபில்டர் அடச்சிட்டு. புதுசு வாங்குற வரைக்கும் எண்டு இறால் வலயில ஒரு துண்ட நாலா மடிச்சிக் கட்டினன்... ஓம், நைலோன் வலதான். தண்ணி இறைக்கிற மெஷின் குழாய்க்கி வலதானே கட்டுறம், பாசி போகாம? அதே மாதிரித்தான் எண்டு நினச்சிட்டன்... இப்பவா? பாதி வலதான் இரிக்கி. மத்தது உள்ளுக்குப் போயிட்டு."

றிஸான் ஏசவில்லை. ஏசியிருந்தால் முனாப்புக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"காக்கா... டர்போவ மட்டும் மாத்தினா? ... உடஞ்ச துண்டு எஞ்சினுக்குள்ளயும் போயிரிக்குமா... முழுக்க இறக்கணுமா... ம்... ம்... பழைய மொடலுக்குச் சாமான் இல்லயா... ஓம். விளங்குது. இப்பிடியே ரெண்டு மாசமா ஓடினன். பயத்திலதான் சொல்லல்ல."

வெயில் பொனட் தகரத்தில் சுட்டது. அவன் கையை எடுக்காமலே நின்றான்.

"இல்ல காக்கா, அத மட்டும் செய்யாதீங்க. கையெழுத்து வெக்காதீங்க... நான் என்ட மீன்புடி தோணிய விக்கிறன். ஒரு பழைய ஓட்டோவாவது... என்னத்தச் சும்மா சொல்ற, மெய்யாத்தான் சொல்றன்... ரெண்டு வருஷம் எண்டா உங்கட மகள் நஸ்ஹாக்கு ஏழு வயசு. புள்ள உங்கள போன்லதானே கண்டிரிக்கா... மறுகா வாறன் எண்டுதானே போன தரமும் சொன்னீங்க... பேப்பர் மேசயிலயே இரிக்கா? ... கொஞ்சம் பொறுங்க, மச்சி இஞ்சதான் இரிக்கா, குடுக்கிறன்... வேணாமா? அப்ப நான் எப்பிடிச் சொல்ற? நீங்களே ஒரு வார்த்த... காக்கா? காக்கா?"

போன் கோல் வெட்டுப்பட்டிருந்தது.

கார்க் கதவு திறந்தது. ஸுஹைனா இறங்கி வந்து அவனுக்கு முன்னால் நின்று, அவன் முகத்தையே பார்த்தாள். போனைக் காதிலிருந்து எடுத்தால் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும். முனாப் எடுக்கவில்லை.

"ஓம் காக்கா... ஓம்... ஓம்..."