மீனு நல்லாத்தானுங்க இருக்குது

அவசரமில்லீங் பாய், நீங்க மொதல்ல அவங்களுக்குப் பாத்துக் குடுத்து அனுப்புங்க. நான் இந்த மீன் தொட்டியோரம் ஸ்டூல்ல சித்தெ உக்காந்துக்கறேன். பெரியாஸ்பத்திரிலிருந்து நடந்தே வந்தனுங்க. உக்கடம் இந்தா இருக்குதுன்னு சொல்லிப்போட்டாங்க, வெயில்ல நடந்தாத்தான தெரியுது. தண்ணிங்களா? குடுங்க குடுங்க. ம். சிறுவாணி சிறுவாணிதானுங்க. டெய்லியும் குடிக்கறவங்களுக்கு இதோட அருமை எங்க தெரியப்போகுது.

என்னைய நீங்க பாத்ததில்லீங்க. எங்கூட்டுக்காரரத்தான் தெரியும் உங்களுக்கு. பேருங்களா? நான் எப்படிங் அத வாயால சொல்றது. காங்கயத்துப் பக்கம் மலை மேல முருகன் இருக்கறாருல்லீங்க, அந்த மலை பேரேதான் அவரு பேரும். ஆமாங், அவரேதான். பாட்டல்ல தண்ணி மொண்டுட்டு வந்து, பாய் இதப் பாருங்க, பாய் இதப் பாருங்கன்னு வியாபார நேரத்துல உங்க உசுர வாங்குவாரே, அவரு. ஊட்டுக்கு வந்தாலும் உங்க பேச்சுத்தானுங்க. பாய் சொன்னாரு, பாய் சொன்னாருன்னு. எங்கப்பன் சொல்லி ஒரு சொல்லுக் கேட்டதில்ல, உங்க சொல்லு மட்டும் வேதவாக்கு.

அவருக்குத்தானுங்க ஒடம்பு செரியில்ல. சொல்றேன். மீனுங்களா? மீனு நல்லாத்தானுங்க இருக்குது. மூணுமே நல்லா இருக்குது. பக்கத்துத் தோட்டத்து வரலட்சுமிதான் தீனி போட்டுட்டு இருக்கறா. கை தாராளமாட்டப் போட்டுராதம்மா, தின்னது போக மிச்சம் அழுகித் தண்ணி கெட்டுரும்னு அவகிட்டப் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டு வந்திருக்கறேன். பாருங்க, எனக்கும் அந்தப் பைத்தியம் தொத்திக்கிச்சு.

ஏனுங் பாய், எதுக்கு மீனு வளக்கறேன்னு அவரு உங்ககிட்டச் சொன்னதுண்டுங்களா? ஆசைக்குன்னாருங்களா? அப்படித்தான் சொல்லுவாரு. சாகடிக்கறதுக்குத்தானுங்க வாங்குனாரு.

இல்லீங்க, வெளையாட்டில்ல. எங்க தோட்டத்துக்கு மேக்கால ஓடையோரம் ஒரு சாயப்பட்டறை வந்துச்சு. ரெண்டு மழை தாண்டல, கெணத்துத் தண்ணி மாறிப்போச்சுங்க. பாத்தா ஒண்ணும் தெரியாது, தெளிவாத்தான் கெடக்கும். பருப்புப் போட்டா வேகாது. சோப்புப் போட்டா நொரைக்காது. எருமை தாழில வாய வெச்சுப்போட்டு, என்னத்தடி ஊத்தி வெச்சிருக்கறன்னு என்ற மூஞ்சியப் பாக்கும். தென்னையெல்லாம் குரும்பையாவே கொட்டிப்போச்சு. ஊரே சேந்து மனுக் குடுத்தோம். அதுல ஒண்ணு நடந்துச்சுங்க, குடிக்கறதுக்கு லாரில தண்ணி கொண்டாந்து ஊத்துனாங்க. அந்த லாரி சத்தம் கேட்டா ஊரே கொடத்தத் தூக்கிட்டு ஓடும்.

அப்புறம் ஆபீசருங்க வந்தாங்க. பட்டறைக்காரங்க நம்மளாட்ட வெவரமில்லாதவங்களா? கேட்டுக்குள்ள நொழஞ்சதும் கண்ணுல படறாப்ல ஒரு தொட்டி கட்டி, நீங்க கோயி கோயிங்கறீங்களே அந்த ஜப்பான் மீனு, வெள்ளையும் செவப்புமா முழங்கை நீளத்துக்கு உட்டு வெச்சிருந்தாங்க. இது எங்க பட்டறைல சுத்தம் பண்ணி வெளிய உடற தண்ணிதாங்க, மீனே இருக்குது பாருங்கன்னு மேனேஜரு காட்டறான். அதுல எந்த ஊருத் தண்ணிய ஊத்தறானோ, ஆரு கண்டா. ஆபீசருங்க சேரப் போட்டு உக்காந்து டீயக் குடிச்சுட்டே மீனப் பாத்தாங்க, எந்திரிச்சுப் போயிட்டாங்க.

எங்காளுக்கு ரோசம் வந்துருச்சுங்க. அவன் மீன வெச்சு நல்ல தண்ணின்னு சொன்னா, நான் மீன வெச்சே கெட்ட தண்ணின்னு காட்டறேன்னு பஸ் ஏறி உங்க கடைக்கு வந்தாரு. செவப்பு மீனு வாங்கிட்டு வந்து, பைய அறுத்து அப்படியே எங்க தொட்டில கவுத்துனாரு. பொழுதோட எல்லாம் மல்லாந்துபோச்சு. ஒரு தட்டத்துல எடுத்து வெச்சுட்டு, சாமி பிரசாதமாட்ட ஊரெல்லாம் கொண்டுபோய்க் காட்டுனாரு. நேரா பட்டறைக்கும் போனாரு. அந்த மேனேஜரு என்ன கேட்டான் தெரியுங்களா? பையத் தண்ணில மெதக்க உட்டு, சூடு ரெண்டும் ஒண்ணாகி, கொஞ்சங் கொஞ்சமாத்தான கவுண்டரே மீன உடோணும், நீங்க ஊத்துன ஊத்துக்கு சிறுவாணில ஊத்துனாலும் சாகும், வளக்கத் தெரியாம கொன்னுபோட்டு எங்க மேல பழி போடறீங்களான்னுட்டான். நாலு பேருக்கு முன்னால. அவரு உங்களக் கேக்க வந்தாரு. நீங்களும் அதேதான் சொன்னீங்களாமா.

உங்களக் குத்தஞ் சொல்லலீங் பாய், தொழில் தெரிஞ்சவங்க உள்ளதத்தான சொல்லோணும். ஆனா அன்னைக்குப் புடிச்சுது கெரகம். வளர்ப்புல ஒரு குத்தமும் இல்லாம வளத்து, அப்புறம் செத்தாத்தான் அது தண்ணி கொன்னதுன்னு ஆகும்னுபோட்டாரு. பொறவுதான் உங்க கடைக்கு நடையா நடந்தாரு. தண்ணிய மொத்தமா மாத்தக் கூடாது, மூணுல ஒரு பங்கு மாத்தோணும். மீனு இருந்த ஒண்ணுக்கே அதுக்கு வெசம். மேல வந்து வாயப் பொளந்தா காத்துப் பத்தலைன்னு அர்த்தம். நீங்க குடுக்கற காயிதத்தத் தண்ணில நனைச்சு, தண்ணி கெட்டுருச்சான்னு நெறம் பாக்கோணும். எனக்கே மனப்பாடமுங்க. கட்டுத்தரைல மாடு கத்தறது காதுல உழுகாது, அந்தக் காத்து மோட்டரு சத்தம் சித்தெ மாறுனா ஓடுவாரு.

அப்பவும் செத்துச்சுங்க. ஒண்ணு ரெண்டா செத்துட்டேதான் இருந்துச்சு. இந்தா செத்துருச்சல்ல, கொண்டுபோய்க் காட்டுங்கன்னேன். மாட்டேன்னுபோட்டாரு. இது தண்ணி கொன்னதில்ல அம்மணி, கரண்டு போயி மோட்டரு நின்னதுல செத்தது, இது என்ற தப்பும்பாரு. அடுத்தது செத்தா, தொட்டித் தண்ணிய வடிகட்டற பஞ்ச வெறுந்தண்ணில அலசிப்போட்டேன், அதுல இருக்கற நல்ல கிருமியெல்லாம் போயிருச்சு, இதுவும் என்ற தப்பும்பாரு. எந்தச் சாவையும் கணக்குல எடுத்துக்கலீங்க. அரிச்சந்திரன் பக்கத்து ஊட்டுல பொறந்திருப்பாராட்ட இருக்குது. இப்படி ஒரு மனுசனக் கட்டிட்டு நான் அழுகறதா சிரிக்கறதா.

கடைசில உட்ட மூணும் சாகலீங்க. கைப்பக்குவம் வந்துபோச்சு. நோவு வந்தா ஒரு கை கல்லுப்புப் போடச் சொன்னீங்களாமா, ஊட்டுல வந்து சிரிக்கறாரு. எங்க தண்ணில பாய் சொன்ன உப்புக்கு மேலயே கெடக்குது, அதுபாட்டுக்கு வைத்தியம் நடக்குதுன்னாரு. ஏனுங் பாய், மனுசன் குடிக்க முடியாத உப்புத் தண்ணிலயும் இந்த மீனு பொழைக்கும்னு உங்களுக்குத் தெரியுங்களா? தெரியுமா. ம். அவரு கேக்கல, நீங்க சொல்லல. எதுக்கு வளக்கறேன்னு சொல்லியிருந்தாருன்னா, வேற மீனு வாங்கிட்டுப் போங்க கவுண்டரேன்னு நீங்களே சொல்லியிருப்பீங்க. உடுங்க, வெசனப்படாதீங்க. அவருக்குச் சொல்ல வெக்கம். சாகறதுக்குன்னு கேட்டா நீங்க மீனு குடுக்க மாட்டீங்கன்னு பயம் வேற.

மறுக்கா ஆபீசரு வர்றாருன்னாங்க. மூணும் நல்லாக் கொழுத்துத் திரியுது. நான் சொன்னேன், அண்டாவுல எடுத்து உட்டு ஊட்டுக்குள்ள மறைச்சுப்போடுங்கன்னு. செத்தாக் காட்டுவேன், பொழைச்சா மறைப்பனான்னு என்ற மேல எகிறுனாரு. ஆபீசரு வந்தாரு, பாத்தாரு. கவுண்டரே உங்க மீனு பட்டறை மீன விட ஜோரா இருக்குதேன்னு முதுகுல தட்டிக் குடுத்தாரு. எழுதிட்டுப் போயிட்டாரு. யானை தன் தலைல தானே மண்ண வாரிப் போட்டுக்கும்பாங்க, அது இதுதானுங்க. தண்ணி நல்லாத்தான் இருக்குதுன்னு ஆகிப்போச்சு. லாரிய நிறுத்திப்போட்டாங்க.

ஊரு சும்மா இருக்குங்களா? கொடத்தத் தூக்கிட்டு வந்து எங்க வாசல்ல நின்னு பேசுனாங்க. பேசக் கூடாததெல்லாம் பேசுனாங்க. அவங்க மேலயும் தப்பில்ல, பச்சப் புள்ளைங்க இருக்கற ஊடு. மத்தவங்க சைக்கிள்ல அடுத்த ஊருக்குப் போயிக் கொண்டாந்தாங்க, நானும் எங்கண்ணன் தோட்டத்துலிருந்து கொண்டாந்தேன். அந்தத் தண்ணிய எங்காளு தொடல பாய். ஊருக்கெல்லாம் லாரித் தண்ணிய நிறுத்துனவன் நானு, நான் மட்டும் வெளித்தண்ணி குடிக்கறதான்னு எங்க கெணத்துத் தண்ணியவே மொண்டு மொண்டு குடிச்சாரு. சோத்துக்கு அதே, காப்பிக்கு அதே. காலப் புடிச்சு அழுதிருக்கறேன். ஒரு வருசம் அதையே குடிச்சாருங்க. மொதல்ல காலு வீங்குச்சு, அப்புறம் மூஞ்சி. இப்ப ரெண்டு கிட்னியும் போச்சுன்னுட்டாங்க. தண்ணியாலயாங்கன்னு டாக்டரக் கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல.

இப்பக் கொடுமை என்னன்னா, ஆஸ்பத்திரில குழாயத் திருகுனா சிறுவாணி. ஆனா அவருக்கு ஒரு நாளைக்கு இத்தனைதான்னு அளந்து குடுக்கச் சொல்லியிருக்கறாங்க. நாக்கு வறண்டு கெடக்கறாரு. நான் வெளிய வந்துதான் தண்ணி குடிக்கறேன். அவரு பாக்கக் குடிச்சா எனக்கு எறங்கறதில்லீங்க.

ஊருலிருந்து ஆரு வந்தாலும் அவருக்கு ஒரே கேள்விதானுங்க. மீனு எப்படி இருக்குது? வர்றவங்களும் என்ன பண்ணுவாங்க, நல்லா இருக்குதுங்க, நல்லா இருக்குதுங்கன்னு ஆறுதலாச் சொல்றாங்க. நானும் அதத்தான் சொன்னேன். ஒவ்வொருக்காவும் மூஞ்சி சுண்டிப்போகுது. முந்தாநாளு என்னையக் கிட்டக் கூப்பிட்டு, அப்பத் தண்ணி நல்ல தண்ணிதான் அம்மணி, நான்தான் இல்லாத பழியப் போட்டு ஊரையும் கெடுத்துப்போட்டேன், இது வேற ஏதோ நோவுங்கறாரு. வீங்கிக் கெடக்கற கால வெச்சுட்டுச் சொல்றாரு பாய். டாக்டரு காத்தால என்னையத் தனியாக் கூப்பிட்டு, ஊட்டுக்கு வேணும்னாக் கூட்டிட்டுப் போயிருங்கம்மான்னுட்டாரு. அதுக்கென்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாததில்ல.

மீனு செத்துருச்சுன்னு வாயில சொன்னா நம்ப மாட்டாரு, கொண்டா பாக்கலாம்பாரு. செவுளத் தூக்கிப் பாப்பாரு. நீங்க சொல்லிக் குடுத்ததுதான், தண்ணி கெட்டுச் செத்தா செவுளு கருத்துப்போயிருக்கும்னு. நேத்து மாத்துத்துணி எடுக்க ஊருக்குப் போனப்ப, ஒண்ணக் கொன்னு எடுத்துட்டுப் போயிரலாம்னு தொட்டிக்குள்ள கையவும் உட்டுட்டேன். மூணும் தீனின்னு நெனச்சு வந்து வெரலக் கவ்வுது. என்னால ஆகலீங்க.

அதானுங்க வந்தேன். இத்தனை தொட்டி வெச்சிருக்கறீங்க, செத்தது ஒண்ணு ரெண்டு கெடக்குமில்லீங்க? செவப்புல, உள்ளங்கையாட்ட அகலத்துக்கு ஒண்ணு இருந்தாக் குடுங்க. செவுளு கருத்திருந்தா நெம்ப நல்லது. பொய்தானுங்க, தெரியும். தான் சொன்னது நெசந்தான்னு தெரிஞ்சுட்டுப் போகட்டும், அவ்வளவுதான். அந்த வாளிலயா? ஆமாங், இதே அளவுதானுங்க, இது போதும். செத்த மீனுக்குப் பையில எதுக்குங் பாய் தண்ணி புடிக்கறீங்க, காயிதத்துல சுத்திக் குடுங்க.