ஞாயிறு இரவு வீட்டில் இருப்போர்

— அடுத்த கேள்வி, ஜெனான். உனக்கு ஐரிஷ் மொழி பேச வருமா? நாயைத் திட்டற அளவுக்கு வரும்னு எழுதிக்கவா?

— என் பேரையே இந்தக் கணக்கெடுப்புப் பாரத்துல எழுத வேண்டாம், அட்ராக்டா.

— ஏன், நீ ஆள் இல்லையா? பதினாறு வருஷமா என் மாடியில குடியிருக்கே. மூணு கணக்கெடுப்புல உன்னை எழுதியிருக்கேன். மொத தடவை உன் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாம ரெண்டு பாரம் பாழாச்சு, கேட்டியா.

— ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டுல யார் இருக்காங்களோ அவங்களைத்தானே எழுதணும்? நான் இருக்க மாட்டேன். சனிக்கிழமை விமானம். எங்க ஊரு வோம்ஜாவுக்குப் போறேன்.

— இரு. பேனா எழுத மாட்டேங்குது.

— அட்ராக்டா...

— பேனாவைப் பாத்துட்டிருக்கேன்னு சொன்னேன்ல. இன்னும் இருபத்திரெண்டு ஆடு ஈனணும். சரி, என் ஆடு. உனக்கென்ன வந்தது.

— பக்கத்துத் தோட்டத்து ஓவன்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். காலையும் சாயங்காலமும் வந்து பாத்துப்பாரு.

— ஓவனுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். எனக்குத்தான் கடைசியில.

— அவர்கிட்ட ஆட்டைப் பத்தி மட்டும்தான் பேசினேன். வேற எதுவும் சொல்லல.

— உன் மக போக்னா கூப்பிட்டாளாக்கும். 'அங்க யாருக்காகப்பா உட்கார்ந்திருக்கே'ன்னு கிறிஸ்மஸ்ல கேட்டாளே. ஃபோன்ல அவ கத்தினது கீழ வரைக்கும் கேட்டுது, அர்த்தம் நீதான் சொன்னே.

— அவ எப்பவும்தான் கூப்பிடறா. எனக்கு அங்க ஆபீஸ்ல கொஞ்சம் காகித வேலை. முடிச்சிட்டு வந்து சொல்றேன்.

— வந்து சொல்றேன். எங்க அண்ணன் ஃபின்டனும் பாஸ்டனுக்குக் கிளம்பறப்ப இதைத்தான் சொன்னான். நம்ம லீட்ரிம் மாவட்டத்துல எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் அப்படி ஒருத்தன் போயிருப்பான். அயர்லாந்துலயே ஆள் கம்மி இங்கதான்னா சும்மாவா?

— நான் போறவன் இல்ல. வந்தவன்.

— வந்தவன்தான். போன கணக்கெடுப்பு முடிஞ்சு மாவட்ட விவரம் மொத்தமும் பேப்பர்ல போட்டானே, ஞாபகம் இருக்கா? நம்ம பக்கத்துக்கு நூத்திப் பதினெட்டு பேரு. எண்பது தாண்டினவங்க பதினொண்ணு. கைக்குழந்தை ரெண்டு. போலந்துல பிறந்தவங்க ஒண்ணு.

— அந்த வரியைக் கத்தரிச்சு என் கதவுல ஒட்டினீங்க. இன்னும் இருக்கு.

— கடைக்காரி மேவ் கூட, 'உங்க ஒண்ணு எப்படி இருக்காரு'ன்னு கேப்பா. இனிமே அந்த இடத்துல பூஜ்யம்னு போடுவான். அவனுக்கென்ன, ஒரு எண்ணு.

— டீ ஆறுது.

— ஆறட்டும். இரு, கடைசிப் பக்கத்துல என்னமோ இருக்கு. 'வழக்கமாக இந்த வீட்டில் வசிப்பவர், அன்று இரவு இல்லாதவர்.' பாத்தியா, உனக்குன்னே ஒரு பக்கம். பொறந்த தேதி?

— உங்களுக்குத் தெரியும்.

— தெரியும். பாரம் கேக்குது, அதனால கேக்கறேன்.

— ஐம்பத்தொன்பது, நவம்பர் பதினொண்ணு.

— 'எவ்வளவு காலம் இருக்க மாட்டார்?' ரெண்டு கட்டம் இருக்கு. ஒரு வருஷத்துக்குக் கம்மி. ஒரு வருஷத்துக்கு மேல.

— கம்மி.

— யோசிச்சுச் சொல்லு. சமாதானத்துக்காகச் சொல்லாதே.

— கம்மின்னு போடுங்க, அட்ராக்டா. ரெண்டு வாரம் ஆகலாம். ஒரு மாசம் ஆகலாம்.

— போட்டாச்சு. இன்னும் ஒண்ணு பாக்கி. அதைத் தாண்டி வந்துட்டேன்.

— எது?

— உறவு. மூணு தடவையும் 'உறவு இல்லை'ன்னுதான் போட்டேன். மொத தடவை சரி. நீ வந்து ஆறு வாரம், உப்பு டப்பா எங்க இருக்குன்னு கூடத் தெரியாது. ரெண்டாந் தடவை பழக்கத்துல போட்டேன். மூணாந் தடவை நான் இடுப்பு ஒடிஞ்சு கிடந்த வருஷம். நீ எனக்குத் தலை வாரி விட்டே. வாரி விட்டு, முதுகுக்குத் தலையணை வெச்சு, பேனாவையும் கையில கொடுத்தே. அந்தக் கையால மறுபடியும் 'உறவு இல்லை'ன்னு போட்டேன். கூசிச்சு.

— பாத்தேன்.

— பாத்துட்டு வாயைத் திறக்கல.

— வீடு உங்களுது. பாரமும் உங்களுது. நான் என்னன்னு சொல்றது?

— இந்தப் பாரத்தையெல்லாம் நூறு வருஷம் பூட்டி வெச்சிட்டுத் திறப்பாங்களாம், கேட்டியா. யாரோ ஒரு பொண்ணு எடுத்துப் படிப்பா. பாவம், ஒரே வீட்டுல யாரோ எவரோவா இருந்திருக்காங்கன்னு நினைச்சுப்பா. நீ போறதுன்னா போ, ஜெனான். போற இடத்துல நல்லா இரு. ஆனா நாலாந் தடவையும் என்னால பொய் எழுத முடியாது. இந்தா. மையிலயே போட்டுட்டேன், அழியாது.

— காட்டுங்க.

— கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாரு.

— 'துணை'ன்னு இருக்கு.

— தப்புன்னா இப்பவே சொல்லிடு. வேற பாரம் வாங்கிக்கலாம்.

— தப்பில்ல. என் பிறப்புச் சான்றும், செத்துப்போன என் மனைவி டனூட்டாவோட இறப்புச் சான்றும் நேர்ல போய் நின்னாத்தான் கொடுப்பாங்களாம், அதுக்குத்தான் போறேன்; அந்த ரெண்டும் கையில இல்லாம உங்ககிட்ட கேக்கக் கூடாதுன்னு இருந்தேன், ஏன்னா கல்யாணத்துக்கு மூணு மாசம் முன்னாடியே ரெண்டு பேரும் அந்தச் சான்றுகளோட சேர்ந்து வந்து எழுதிக் கொடுக்கணும்னு இங்க பதிவு அலுவலகத்துல சொல்லிட்டாங்க.