மேடைக்குக் கீழே

எழுபதுகளின் கடைசியில், அட்டனிலிருந்து டயகம போகும் பஸ்ஸில் என் முன் இருக்கையில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். மூத்தவர் தேயிலைத் தோட்டத்து மாதா கோயில் பேண்டில் டூபா என்ற பெரிய பித்தளைக் குழல் ஊதுகிறவர். கொழும்பில் ஆப்பரா என்ற வெள்ளைக்காரர் இசை நாடகம் ஒன்றுக்கு ஊதிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

“நான் ஊதுன ஊதுல நாற்காலியெல்லாம் அதிருச்சு தம்பி. என் மூஞ்சிய மட்டும் ஒருத்தரும் பாக்கல.”

“ஏண்ணே?”

“வாத்தியக்காரங்களுக்கு மேடைக்குக் கீழ ஒரு பள்ளம். முடிஞ்சதும் ஒரு வெள்ளக்கார அம்மா, அந்தப் பெரிய சத்தம் யாருதுன்னு கேட்டுச்சாம். எல்லாரையும் மேல கூப்பிட்டாங்க. எனக்குக் கறுப்புக் கோட்டு இல்ல. நீ இங்கயே இருன்னுட்டு, டூபாவ வேறொருத்தன் கையில குடுத்து ஏத்திவிட்டாங்க.”

“அப்புறம்?”

“அவனுக்குக் கை தட்டுனாங்க. கீழ உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்.”

இளையவர் அவர் பக்கம் திரும்பிக் கேட்டார்.

“அண்ணிக்கிட்ட என்னா சொல்லுவீங்க?”

“மேடையில நிக்க வெச்சாங்கன்னுதான் சொல்லணும். காதுத் தோட்ட அடகு வெச்சுக் கோட்டுத் தைக்கலாம்னு அவ ஒத்தக் கால்ல நின்னா தம்பி. எவன் பாக்கப் போறான்னு நான்தான் வேணாம்னுட்டேன்.”